காக்கையின் கனம்

ஒருவருக்குக் கை கால் இழுத்துக்கொண்டது என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, “என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாரு?” என்பதைத்தான். பதிலும் தயாராக இருக்கும். சிலிண்டரைத் தூக்கினார். கக்கூசில் முக்கிக்கொண்டிருந்தார். மலை ஏறினார். மகனோடு சத்தம் போட்டார். அந்த ஒரு செயல் கிடைத்ததும் கேட்டவர் தலையசைத்துக்கொள்கிறார். வீட்டில் இருப்பவர்கள் அடுத்து வருகிறவரிடமும் அதையே சொல்கிறார்கள். மூன்றாம் நாளுக்குள் அதுவே அந்தக் குடும்பத்தின் வரலாறாகிவிடுகிறது. “அன்னிக்கு அந்த சிலிண்டரை மட்டும் தூக்காம இருந்திருந்தா” என்ற பேச்சு இருபது வருடம் கழித்தும் ஓய்வதில்லை. தூக்கச் சொன்னவள் மனைவியாகவோ மருமகளாகவோ இருந்துவிட்டால், அந்தப் பேச்சின் பாரம் முழுவதையும் அவள்தான் சுமக்கிறாள். இதற்கு மாற்றாக நம்மிடம் இருக்கும் இன்னொரு பதில், “அவர் நேரம் முடிஞ்சுது, எமனுக்கு ஒரு சாக்கு” என்பது. முதல் பதில் ஒரு மனிதர்மேல் பழி போடுகிறது. இரண்டாவது எவர்மேலும் போடாமல் விதியிடம் ஒப்படைக்கிறது. எதிரெதிராகத் தெரியும் இந்த இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இரண்டுமே கடைசி நிமிடத்தைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. ஒரு துன்பத்துக்குக் காரணம் என்று எதைச் சொல்வது என்ற கேள்வி மருத்துவக் கேள்வி போலத் தோன்றினாலும், பழி, விதி, கடவுளின் நீதி மூன்றும் அதைப் பற்றிக்கொண்டுதான் நிற்கின்றன. அதனால் அது சமயக் கேள்வியும்தான். அதற்கு நம் தத்துவ மரபே நல்ல கருவி ஒன்றை வைத்திருக்கிறது. அதை எடுப்பதற்கு முன், மூச்சைப் பிடித்து முக்கும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்த்துவிட வேண்டும்.

நிறை சிலிண்டரில் வாயு 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் 30 கிலோவை ஒட்டிவிடும். அதைப் பிடித்து எழும் நொடியில் நம்மை அறியாமலே மூச்சு நிற்கிறது. குரல்வளை மூடிக்கொள்கிறது. வயிற்றுத் தசையும் நெஞ்சுத் தசையும் உள்ளே அடைபட்ட காற்றை நெருக்குகின்றன. நெஞ்சுக்கூட்டுக்குள் ஏறும் அழுத்தம் அங்குள்ள பெருந்தமனியையும் சேர்த்துப் பிழிய, ரத்த அழுத்தம் சட்டென்று உயர்கிறது. சில நொடிகளில் நிலைமை தலைகீழாகிறது. உடம்பிலிருந்து இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் நெஞ்சின் இறுக்கத்தை மீறி உள்ளே நுழைய முடியாமல் வெளியே தேங்குகிறது; கழுத்து நரம்பு புடைப்பதும் முகம் சிவப்பதும் அதனால்தான். உள்ளே வருவது குறைந்ததால் இதயம் வெளியே தள்ளுவதும் குறைந்து அழுத்தம் இறங்குகிறது. இறங்குவதை உணர்ந்த உடம்பு இதயத்தை வேகமாக அடிக்கவைத்து ரத்தக்குழாய்களை இறுக்குகிறது. அப்புறம் சிலிண்டரை இறக்கிவைத்து “அப்பாடா” என்று மூச்சை விடுகிறோம். தேங்கி நின்ற ரத்தம் ஒரே வீச்சில் இதயத்துக்குள் பாய்கிறது. இதயம் அதை இன்னும் இறுகியே இருக்கும் குழாய்களுக்குள் தள்ளுகிறது. அழுத்தம் பழைய அளவையும் தாண்டி எகிறிவிட்டுப் பிறகு அடங்குகிறது. கழிப்பறையில் முக்குவதும், சளியை வெளியேற்ற மூக்கை அடைத்துச் சிந்துவதும், பலத்த இருமலும் ஏறக்குறைய இதே வகைதான். இதற்கு மருத்துவத்தில் வழங்கும் பெயர் அந்தோனியோ மரியா வால்சால்வா என்ற இத்தாலிய உடற்கூற்றியலாளருடையது. அவர் இதயத்தையோ மூளையையோ தேடிப் போனவர் அல்லர். காதைப் பற்றி 1704ல் எழுதிய நூலில், நடுக்காதில் சேர்ந்த சீழை வெளியேற்ற மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு ஊதும் முறையை விவரித்தார். அவர் பெயர் அதில் தங்கிவிட்டது.

இத்தனையையும் படித்தால் முக்குவது பெரும் ஆபத்து என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் நம்மில் பெரும்பாலோர் இந்த உலகத்துக்கு வந்ததே ஒரு தாயின் முக்கலால்தான். “முக்கும்மா, இன்னும் கொஞ்சம் முக்கு” என்று பிரசவ அறையில் சொல்லும் குரலுக்கு, மூச்சைப் பிடித்து, முகம் கருஞ்சிவப்பாகும் வரை, திரும்பத் திரும்ப முக்கிய உடம்புகள் கோடானுகோடி. அவர்களில் மிகப் பெரும்பாலோர் மூளைக்கு ஒன்றும் நேராமல் எழுந்து உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்திருக்கிறார்கள். பிரசவ காலத்தில் மூளைக்குள் ரத்தம் கசிந்து இறந்தவர்களை எடுத்துப் பார்த்தால், அவர்களில் பலர் கர்ப்பத்தின்போதே ரத்த அழுத்தம் கட்டுமீறி ஏறியிருந்தவர்கள். முக்கல் இரு சாராருக்கும் ஒன்றுதான். முக்கலைச் சந்தித்த உடம்பு ஒன்றல்ல. இன்னொரு சான்று பளு தூக்குகிறவர்களிடமிருந்து வருகிறது. 1985ல் வெளியான ஓர் ஆய்வில் ஐந்து உடற்கட்டு வீரர்களின் கைத் தமனிக்குள்ளேயே கருவியைச் செருகி அளந்தார்கள். இரண்டு கால்களாலும் பெரும் பளுவை உந்தித் தள்ளும்போது சராசரி அழுத்தம் 320/250. ஒருவருக்கு 480/350ஐயும் தாண்டியது. 120/80 என்ற எண்ணையே மனப்பாடமாக வைத்திருக்கும் நமக்கு இதை நம்புவது கடினம். ஆனாலும் ஐந்து பேரும் தாங்கினார்கள். உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் விதம் இதில் கவனிக்க வேண்டியது. நெஞ்சில் ஏறும் அழுத்தம் முதுகுத்தண்டு வழியாக மூளையைச் சூழ்ந்திருக்கும் நீருக்கும் பரவுகிறது. குழாய்க்குள் அழுத்தம் ஏறும் அதே நொடியில் குழாய்க்கு வெளியிலும் ஏறுவதால், சுவரை இரண்டு பக்கத்திலிருந்தும் கைகொடுத்துப் பிடித்தது போலாகிறது. முக்குவதற்கென்றே படைத்ததுபோல் அத்தனை ஏற்பாடு.

ஆகவே பார்க்க வேண்டியது சுவரை. மூளையின் நடுப்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய தமனிகள், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த பருமன் உடையவை, பெரிய தமனி ஒன்றிலிருந்து ஏறக்குறைய செங்குத்தாகப் பிரிகின்றன. தெருவின் பெரிய குடிநீர்க் குழாயில் நேரடியாகத் துளைபோட்டுச் செருகிய சின்னக் குழாயை நினைத்துக்கொள்ளலாம். பெரிய குழாயின் அழுத்தம் படிப்படியாகத் தணியாமல் அப்படியே இவற்றின்மேல் விழுகிறது. ஒருநாள், ஒருமாதம் என்றால் தாங்கும். பத்து வருடம், இருபது வருடம் என்று கூடுதல் அழுத்தம் அடித்துக்கொண்டே இருந்தால் சுவரின் தசை நைந்து, கண்ணாடிபோல் விறைத்து, சில இடங்களில் புடைக்கிறது. பாரிசில் ஷார்கோவும் பூஷாரும் 1868லேயே இப்படிப்பட்ட நுண்ணிய புடைப்புகளைக் கண்டு எழுதிவிட்டார்கள். இந்த நைவு வலிக்காது. மயக்கம் தராது. தலைவலிகூடப் பெரும்பாலும் இருக்காது. ஒருவர் அதை உள்ளே வைத்துக்கொண்டே வயலுக்குப் போவார், கணக்கெழுதுவார், பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா பார்ப்பார்.

அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்சில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். எதிரே ஓர் ஓவியர் அவர் உருவத்தை வரைந்துகொண்டிருந்தார். ரூஸ்வெல்ட் எதையும் தூக்கவில்லை, முக்கவில்லை. போலியோவால் கால்கள் செயலிழந்த அவர் அன்று செய்தது அசையாமல் உட்கார்ந்திருந்ததுதான். தலையின் பின்புறம் கடுமையாக வலிக்கிறது என்று சொல்லிச் சரிந்தார். அப்போது அளந்த அழுத்தம் 300/190. அன்று பிற்பகலே உயிர் போயிற்று. அந்த 300ல் ஒரு பங்கு கசிவுக்குப் பின் உடம்பு தானே ஏற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். தெளிந்த வானத்திலிருந்து இடி விழுந்ததுபோல் நடந்துவிட்டது என்ற தொனியில்தான் அவருடைய தலைமை மருத்துவர் அதை உலகுக்கு விளக்கினார். உண்மை வேறு. அவரைக் கவனித்த இதய மருத்துவர் ஹோவர்ட் புரூயென் 1970ல் குறிப்புகளை வெளியிட்டபோது, 1944 மார்ச்சிலேயே அழுத்தம் 186/108 இருந்தது தெரியவந்தது. வானம் வெகுநாளாகவே கறுத்துக் கிடந்தது. அன்றைக்கு அதை இறக்க நம்பகமான மருந்து கிடையாது. நல்ல மாத்திரைகள் 1950களின் பிற்பகுதியில்தான் வந்தன. 320/250 ஏறிய ஐந்து இளைஞர்கள் வீட்டுக்குப் போனார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர் போகவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், “என்ன செய்துகொண்டிருந்தார்” என்ற கேள்வி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பது விளங்கும்.

குறைவாகச் சொல்கிறது என்றேன். ஒன்றுமே சொல்லவில்லை என்று சொல்லவில்லை. இங்கே நேர்மையாக இருக்க வேண்டும். கடைசிச் செயலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை அளக்க ஒரு நல்ல முறையை 1991ல் மக்ளூர் என்ற ஆய்வாளர் வகுத்துக் கொடுத்தார். நோயாளியை வேறொருவரோடு ஒப்பிடாமல் அவரோடேயே ஒப்பிடுவது. நோய் தாக்குவதற்குச் சற்று முன் அவர் என்ன செய்தார், அதே செயலைச் சாதாரண நாட்களில் எத்தனை தடவை செய்வார் என்று கணக்கிடுவது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் மூளைத் தமனிப் புடைப்பு வெடித்த 250 பேரிடம் இந்த முறையில் விசாரித்து 2011ல் முடிவை வெளியிட்டார்கள். மலங்கழிக்க முக்கிய சிறிது நேரத்துக்கு வெடிக்கும் வாய்ப்பு ஏழு மடங்கு. கோபத்துக்கு ஆறு மடங்கு. திடுக்கிடலுக்கு இருபது மடங்குக்கும் மேல். பதற வைக்கும் எண்கள்தான். ஆனால் அதே ஆய்வு சொன்ன இன்னோர் எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: வெடித்தவற்றில் முக்கலின் கணக்கில் எழுதத்தக்கவை 100க்கு 3.6தான். ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தில் வெடிக்கும் வாய்ப்பு மிக மிகச் சிறியது. மிகச் சிறியதன் ஏழு மடங்கும் சிறியதுதான். 32 நாடுகளில், இந்தியா உட்பட, 13,462 பக்கவாத நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2022ல் வந்தது. தாக்குதலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் கடும் உழைப்பில் இருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில். மூளைக்குள் ரத்தம் கசியும் வகைக்கு அந்த உழைப்பு வாய்ப்பை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் கூட்டியது. ரத்தக்கட்டி அடைக்கும் வகையில், அதுதான் எண்ணிக்கையில் மிகுதி, தொடர்பு தென்படவில்லை. இதே ஆய்வுக் குழு 2016ல் வெளியிட்ட பெரிய கணக்கில், உலகப் பக்கவாதங்களில் ஏறக்குறைய பாதி உயர் ரத்த அழுத்தத்தின் பேரில் எழுதப்பட்டிருக்கிறது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். வடமொழித் தருக்கத்தில் இதைக் காகதாலீய நியாயம் என்பார்கள். உட்கார்ந்ததும் விழுந்ததும் தற்செயலாக ஒன்றுசேர்ந்தன, ஒன்று மற்றதற்குக் காரணமல்ல என்பது அதன் பொருள். மேலே சொன்ன ஆய்வுகள் இந்த நியாயத்தைச் சற்றே திருத்தச் சொல்கின்றன. காக்கைக்கும் கனம் உண்டு. காம்பு இற்றுப்போன பழத்துக்கு அந்தக் கனம் போதும். பச்சைக் காம்பில் நூறு காக்கைகள் வந்து உட்கார்ந்தாலும் பழம் விழாது. காம்பு முற்றும் இற்றுவிட்டால் காக்கையே வேண்டாம். காற்று போதும், காற்றும் இல்லாமலே விழும், வார்ம் ஸ்பிரிங்சில் விழுந்ததுபோல.

காரணம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இப்படிப் பல பொருள் கிடப்பதை நம் சைவ சித்தாந்த ஆசிரியர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டாரும் அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியாரும் நிலைநிறுத்திய மரபில் காரணம் மூன்று வகை. பானைக்கு மண் முதற்காரணம். திரிகையும் தண்டும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். உலகம் என்ற பானைக்கு மாயை மண், சிவனுடைய சத்தி திரிகை, சிவன் குயவன் என்று நிறுவுவதற்காக இந்தப் பாகுபாட்டை அவர்கள் கையாண்டார்கள். கடவுளை நிறுவ எழுந்த கருவியை நோயாளியின் படுக்கையருகே கொண்டுவருவது மரபை மீறுவதல்ல என்றே கருதுகிறேன். கருவி கூர்மையானது, இங்கும் வெட்டும். நைந்த ரத்தக்குழாய்ச் சுவர் முதற்காரணம். அன்றைய முக்கலோ கோபமோ பளுவோ துணைக்காரணம். மூன்றாவது இடத்தில் யாரை உட்கார வைப்பது? அங்கேதான் நம் மனம் தடுமாறுகிறது. அந்த இடம் காலியாக இருப்பதை நம்மால் பொறுக்க முடிவதில்லை. ஆகவே சிலிண்டரைத் தூக்கச் சொன்ன மருமகளை உட்கார வைக்கிறோம், அல்லது எமனை. ஆனால் சித்தாந்தம் குயவனைக் கேட்டது பானை உண்டானதற்கு. நாம் பேசிக்கொண்டிருப்பது பானை உடைந்ததைப் பற்றி. ஒழுங்கும் நோக்கமும் உள்ள ஒன்று உண்டாகச் செய்வோன் வேண்டும் என்பது வலுவான வாதம். உடைவதற்குச் சுவரில் ஒரு விரிசலும் சிறு தட்டலும் போதும். உடைத்தவன் ஒருவன் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பழி பிறப்பதே, உடைவுக்கும் ஒரு குயவனைத் தேடுவதால்தான்.

சைவர் ஒருவர் இதை ஏற்காமல் போகலாம். படைத்தல் மட்டுமல்ல, அழித்தலும் இறைவன் தொழில்தானே, உடைவையும் அவன் கையிலிருந்து பிடுங்கிவிட முடியுமா என்று அவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சித்தாந்தம் அழித்தலை எப்படி விளக்குகிறது என்று பார்க்க வேண்டும். பிறந்து பிறந்து களைத்த உயிர்களை இளைப்பாற்றுவதற்கே ஒடுக்குகிறான் என்கிறது. அருளின் ஒரு முகமாக அதைச் சொல்கிறதே தவிர, குறி வைத்து அடிக்கும் அடியாகச் சொல்லவில்லை. வினைப்பயன் உண்டு என்று நம்புகிறவருக்கும், அந்தப் பயன் உடம்பு வழியாகவும் உலகு வழியாகவும் வந்து சேர்கிறது என்பதுதான் கொள்கை. வந்து சேரும் வழி வினைக்கு வெளியே இல்லை என்றால், அந்த வழியைத் தேடி அறிவதும் தடுப்பதும் இறைவனுக்கு எதிரான காரியம் ஆகாது. ஊழைப் பற்றித் தனி அதிகாரமே எழுதிய வள்ளுவர், மருந்து என்ற 95ஆம் அதிகாரத்தில் ஊழை உள்ளே விடவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்தப் பத்துக் குறளிலும் பேச்செல்லாம் செரித்தபின் உண்பது, அளவறிந்து உண்பது, நோய் இன்னதென்று தேர்வது, அது எதிலிருந்து கிளம்பியது என்று ஆராய்வது, மருத்துவன், மருந்து, பக்கத்திலிருந்து கவனிப்பவன் என்றுதான் போகிறது. ஊழின் வலிமையை அவ்வளவு அழுத்திச் சொன்னவர், நோயாளியின் வீட்டு வாசலில் அதை இறக்கிவைத்துவிட்டே உள்ளே போகிறார். இதை ஒரு பெரிய ஒழுக்கமாகவே நான் படிக்கிறேன்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. கடைசி நிமிடத்தை விடுவித்துவிட்டு முந்தைய இருபது வருடங்களைக் காரணமாக்கினால், பழி இடம் மாறியதே தவிர நீங்கவில்லையே. இப்போது மருமகளுக்குப் பதில் நோயாளியே குற்றவாளி ஆகிவிடுகிறாரே. உப்பைக் குறைத்தாரா, மாத்திரை போட்டாரா, பீடியை விட்டாரா என்று விசாரணை தொடங்கிவிடுமே? அப்படி நடக்கத்தான் செய்கிறது. மருத்துவமனை வரிசைகளில் ஏழைகள் இந்த விசாரணையைத் தினமும் எதிர்கொள்கிறார்கள். ஆனால் முதற்காரணம் என்பது குற்றவாளியின் பெயர் அல்ல. மண்ணைக் குற்றம் சொல்வார் இல்லை. அழுத்தம் ஏறுவதில் பரம்பரைக்குப் பங்குண்டு, வயதுக்குப் பங்குண்டு, சிறுநீரகத்துக்குப் பங்குண்டு, மலிவாகக் கிடைக்கும் உணவில் இருக்கும் உப்புக்கும் பங்குண்டு. வலியே இல்லாத ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாதவரை எப்படிப் பழிப்பது? பளுத் தூக்காதே என்று சந்தையில் மூட்டை சுமக்கும் தொழிலாளியிடம் சொல்வது அறிவுரையே ஆகாது. அவருக்கு அது சோற்றை விடு என்று கேட்கும். முதற்காரணத்தைச் சரியாக அடையாளம் காண்பதன் பயன், கை எங்கே போக வேண்டும் என்று தெரிவது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். அந்த மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்காரும் பணியாளர் மூட்டையை இறக்கச் சொல்ல வரவில்லை. சுவரைப் பார்க்க வந்திருக்கிறார்.

மகனோடு சண்டை போட்ட தந்தையின் கதையை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. வீடுகளில் இதைவிட ஆழமாகக் குத்தும் முள் வேறில்லை. 2022ல் வந்த அதே ஆய்வில், தாக்குதலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் கோபமோ மனக்கொந்தளிப்போ இருந்தது என்று சொன்னவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர். வாய்ப்பை அது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூட்டியது. ஆகவே, உன் சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று அந்த மகனிடம் சொன்னால் அது பொய்யாகலாம்; அவனும் நம்பமாட்டான். சொல்ல வேண்டியது வேறு. கடுஞ்சொல் தவறு என்றால் அது சொல்லப்பட்ட நொடியிலேயே தவறு. அப்பா அன்று மாலை நன்றாகக் காபி குடித்துவிட்டுத் தூங்கியிருந்தாலும் அதே அளவு தவறு. ஒரு தமனி வெடித்ததால் அந்தத் தவறு கொலையாக வளர்ந்துவிடுவதில்லை. அதே சொற்களைப் பேசிய ஆயிரம் மகன்களின் அப்பாக்கள் மறுநாள் எழுந்து பல் துலக்கினார்கள். அந்த ஆயிரம் பேருக்கும் இவனுக்கும் இடையில் உள்ள வேறுபாடு இவன் மனத்தில் இல்லை, அப்பாவின் குழாய்ச் சுவரில் இருந்தது. அறம் ஒருவனிடம் கணக்குக் கேட்பது அவன் கையில் இருந்ததற்கு மட்டும்தான். கடுமையாகப் பேசியதற்கு அவன் வருந்தட்டும். அதை ஒருபோதும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். செத்ததற்கான கடனை அவன் அடைக்க வேண்டியதில்லை.

அப்படியானால் முக்கலாம், தூக்கலாம், மூச்சை அடக்கலாம், ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. துணைக்காரணம் என்பதும் காரணம்தான். நடக்குமா நடக்காதா என்பதை முதற்காரணம் பெரிதும் தீர்மானிக்கிறது. எப்போது என்பதைத் துணைக்காரணம் தீர்மானிக்கிறது. ‘எப்போது’ என்பது அற்பமான கேள்வி அல்ல. பத்து வருடம் தள்ளிப்போனால் அந்தப் பத்து வருடத்தில் ஒருவர் அளந்து பார்த்து, மாத்திரை தொடங்கி, ஆபத்தையே குறைத்துவிடலாம். நம் மருத்துவ மரபு இதைக் கண்டிருந்தது. இயற்கை வேகங்களை அடக்கக் கூடாது என்பது சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் எல்லோரும் அறிந்த விதி. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் அதற்கு மறுபாதியையும் சேர்த்துச் சொல்கிறது: வராத வேகத்தை வலிந்து வரவழைக்கவும் கூடாது, அடக்குவதிலிருந்தும் வலிந்து வரவழைப்பதிலிருந்துமே நோய்கள் எழுகின்றன. மலச்சிக்கலோடு தினமும் அரைமணி நேரம் போராடும் ரத்தக்கொதிப்புக்காரருக்கு இதைவிட நேரான புத்திமதி கிடையாது. தண்ணீர், கீரை, நார்ச்சத்து, தேவையென்றால் மருந்து. பளுவைத் தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விட்டபடி எழுவது. இவை சின்னச் சின்னக் காரியங்கள்தான். வெட்கப்பட்டுப் பேசாமல் விடுவதால்தான் பெரிதாகின்றன. யோக நூலான ஹட யோகப் பிரதீபிகையும், சிங்கத்தையும் யானையையும் புலியையும் பழக்குவதுபோல் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக வசப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் அது பயிற்சி செய்பவனையே கொல்லும் என்று எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையில் தெய்வக் கோபம் என்று ஒரு வார்த்தை இல்லை. அவசரம்தான் அங்கே குற்றம், உடம்புதான் அதற்குச் சாட்சி.

விரதமிருந்து மலையேறும்போது ஒருவர் விழுந்துவிட்டால் “விரதத்தில் ஏதோ குறை, சாமி குத்தம்” என்று முணுமுணுப்பதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சபரிமலையில் பம்பையிலிருந்து சன்னிதானம் போகும் செங்குத்தான நீலிமலை ஏற்றத்தில் பக்தர்களுக்காக ஆக்சிஜன் தரும் நிலையங்களும் அவசரச் சிகிச்சை மையங்களும் வைத்திருக்கிறார்கள். அவற்றை வைத்தவர்களும் பக்தர்கள்தான். மலையேற்றம் இதயத்திடமும் குழாய்களிடமும் என்ன கேட்கிறது என்பதை அறிந்து வைத்திருக்கிறார்கள். விழுந்தவரின் மாலையில் குறை தேடுகிறவருக்கும், அவர் மூக்கில் ஆக்சிஜன் குழாயை வைக்கிறவருக்கும் நம்பிக்கை ஒன்றாகவே இருக்கலாம். காரணத்தைப் பற்றிய அறிவு வேறு. குற்றம் தேடுகிறவர் இறந்தவரையும் இறைவனையும் ஒரே மூச்சில் சிறுமைப்படுத்துகிறார் என்பது என் துணிபு: நாற்பத்தொரு நாள் நோன்பிருந்து வந்தவரை ஒரு சிறு பிழைக்காகப் படியருகே அடித்து வீழ்த்தும் ஒரு தெய்வத்தை அவர் கற்பனை செய்கிறார். எந்தப் பக்தி நூலும் அப்படிப்பட்ட தெய்வத்தைக் கும்பிடச் சொன்னதாக நான் அறியேன்.

பக்கவாதம் வந்தவரை அவசரப் பிரிவுக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது மருத்துவரும் ஒரு கேள்வி கேட்பார். உடன் வந்தவர்கள் பதறிக்கொண்டு, “சிலிண்டரைத் தூக்கினார் சார்”, “கக்கூஸ் போயிட்டு வந்தார் டாக்டர்” என்று தொடங்குவார்கள். அவர் கேட்டது அதுவல்ல. கடைசியாக எத்தனை மணிக்கு இவரை நன்றாக இருக்கப் பார்த்தீர்கள் என்று கேட்டார். அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்தை, நன்றாக இருந்த அந்தக் கடைசி நிமிடத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன் கசிவு இல்லை என்று சி.டி. ஸ்கேனில் உறுதி செய்தாக வேண்டும். ஒவ்வொரு நிமிடத்துக்கும் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. சிலிண்டரை அடுப்பில் மாட்டும்போது நன்றாகத்தான் பேசினார், அப்போது டீவியில் ஏழு மணிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது என்று அந்த மருமகளுக்கு நினைவிருக்கிறது. மருத்துவர் 7.00 என்று எழுதிக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறார்.